இரண்டு தட்டு, ஒரு விலை

கே: ‘தி கிளாஷ்’ இசைக்குழு எப்படிப் பெரிதானது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ப: 1976இல் லண்டனில் தொடங்கிய குழு. வேலையில்லாத் திண்டாட்டம், இனவெறி, போலீஸ் கெடுபிடி எல்லாம் பாட்டாயின. 1978 ஏப்ரலில், இனவெறியை எதிர்த்து டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக வந்த பெருங்கூட்டத்துக்கு விக்டோரியா பூங்காவில் பாடினார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய கணக்கு. 1979இல் இரட்டை இசைத்தட்டை ஒற்றைத் தட்டு விலைக்கே விற்க வைத்தார்கள். மறு வருடம் மூன்று தட்டு. விலை ஏறாமலிருக்கத் தங்கள் ராயல்டியையே விட்டுக்கொடுத்தார்கள். (பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் வெளியுறவு அலுவலரின் மகன். ஏழை வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள்.)

அந்த இரட்டைத் தட்டின் உறையில் குழுவின் பேஸ் கலைஞர் பால் சிமனன் தன் கிட்டாரைத் தரையில் ஓங்கி அடிக்கிறார். படம் சற்று மங்கல். பாட்டைக் கேட்டதைவிட அதைப் பார்த்த நேரமே எனக்கு அதிகம்.