கொள்ளு கொடுத்தால் குதிரை இளைக்குமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் சிறு விவசாயி நான். சென்ற ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் 5 வயது கத்தியவார் பெண் குதிரை ஒன்று வாங்கினேன். வாரத்தில் ஒரு நாள் சவாரி, எப்போதாவது ஒரு கல்யாண ஊர்வலம். மற்ற நாளெல்லாம் லாயத்தில் நிற்கிறது, மாலையில் 2 மணி நேரம் கொறங்காட்டில் மேய்கிறது. காலையும் மாலையும் 2 கிலோ கொள்ளு வேகவைத்து, ஒரு கிலோ கோதுமைத் தவிடு கலந்து வைக்கிறேன். இரவில் சோளத்தட்டு 3 கிலோ. இப்போது உடம்பு வைத்துவிட்டது. பிடரியில் மேடு தட்டியிருக்கிறது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதால் கொள்ளை இன்னும் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டலாமா? சில நாளாக லாயத்துத் தூணையும் கடிக்கிறது. கல் தரையில் நடக்கத் தயங்குகிறது.

பதில்: கொள்ளைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. பிடரி மேடிட்ட ஒரு குதிரை கல் தரையில் நடக்கத் தயங்கினால், குளம்புக்குள் அழற்சி தொடங்கியிருக்கலாம் என்றுதான் நான் முதலில் நினைப்பேன். இன்றே கால்நடை மருத்துவரை வரச் சொல்லுங்கள். அவர் வரும்வரை தானியம், தவிடு இரண்டையும் நிறுத்திவிட்டுச் சோளத்தட்டும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். சவாரி வேண்டாம், நடத்திப் பார்க்கவும் வேண்டாம். மணலோ உமியோ கனமாகப் பரப்பி அதன்மேல் நிற்கவிடுங்கள்.

அதற்கிடையில் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். முன்கால் பக்கம் குனிந்து, குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்கம், ஓரமாக இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். நலமாக உள்ள குதிரைக்கு அங்கே நாடித்துடிப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அழற்சி இருந்தால் தேடவே வேண்டாம், விரலை எற்றுகிற மாதிரி அடிக்கும். பிறகு நான்கு குளம்புகளையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். நிழலில் நின்ற குதிரையின் குளம்பு மணிக்கணக்கில் சுடுகிறது என்றால் அது நல்லதல்ல. முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களுக்குத் தள்ளிச் சாய்ந்து நிற்கிறதா, திரும்பும்போது வலிக்கிற மாதிரி தத்தித் திரும்புகிறதா என்றும் கவனியுங்கள். ஒரு தோட்டத்தில் இப்படி நின்ற குதிரையை, 'ராஜா மாதிரி நிமிர்ந்து நிற்கிறான் பாருங்கள்' என்று உரிமையாளர் பெருமையோடு காட்டினார். குளம்பைத் தொட்ட என் கை உடனே பின்வாங்கியது. அவர் அன்பில் ஒரு குறையும் இல்லை. தீனித் தொட்டியில்தான் குறை இருந்தது.

இனி கொள்ளு. அந்தப் பழமொழி மனிதருக்குச் சொன்னது. நாம் கொள்ளை ரசமாகவோ துவையலாகவோ ஒரு கைப்பிடி அளவில் சாப்பிடுகிறோம். உங்கள் குதிரை தின்பது நாளுக்கு 4 கிலோ. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்து. எரிசக்தியில் மற்றத் தானியங்களைவிட அது பெரிதாகக் குறைந்ததல்ல. குதிரையின் கொழுப்பைக் கரைக்கும் குணம் எதுவும் அதற்குக் கிடையாது. வேலைக் குதிரைக்கு அது அருமையான தீனி. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் குதிரைக்குக் கொள்ளு வைத்தது சரிதான். ஆனால் அந்தக் குதிரைகள் வண்டி இழுத்தன, நாள் முழுக்கப் பயணம் போயின. உங்கள் குதிரை வாரத்தில் 6 நாள் நிழலில் நிற்கிறது. அதிலும் கத்தியவார் இனம் சௌராஷ்டிரத்தின் வறண்ட பூமியில் வளர்ந்தது. கொஞ்சம் தின்று நிறையத் தாக்குப்பிடிக்கும் உடம்பு அதற்கு. நீங்கள் வைக்கும் தீனியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா நிற்கும் குதிரைக்குத் தேவையான எரிசக்தியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது.

அப்படியானால் இவ்வளவு தின்கிற குதிரை ஏன் தூணைக் கடிக்கிறது? என் அனுபவத்தில், கொழுத்த குதிரையும் பசித்திருக்க முடியும் என்பதை நம்பவைப்பதுதான் மிகக் கடினம். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். ஒரு கிலோ தட்டை மென்று முடிக்க ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோ தானியம் 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். உங்கள் லாயத்தில் தட்டு 2 மணி நேரத்தில் காலியாகிறது. அதன்பின் விடியும்வரை அந்த வாய்க்கு வேலை இல்லை. மரத்தூண்தான் மிச்சம்.

தானியத்தால் வரும் கேடு பெரும்பாலும் பின்குடலில் நடக்கிறது. மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்து முடிய வேண்டும். ஒரே வேளையில் அளவுக்கு மீறிப் போட்டால் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்கு வழிந்துபோகும். அங்கே நாரைப் புளிக்கவைத்துச் சத்தெடுத்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாவு வந்து விழுந்ததும் அமிலம் பெருகி, அந்த நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. வாயு உப்புகிறது, நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும் வழிகளில் இது ஒன்று. இன்னொரு வழி உங்கள் குதிரை போன்ற கொழுத்த குதிரைகளுக்கானது: உடம்பில் இன்சுலின் ஏறிப்போய், அதுவே குளம்பைத் தாக்கும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான்.

ஆகவே ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து என்பதை நான் பாதுகாப்பான எல்லையாக வைத்துக்கொள்கிறேன். 2 கிராமை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. நீங்கள் ஒரு வேளைக்கு வைக்கும் 2 கிலோ கொள்ளும் தவிடும் சேர்ந்து அந்த உச்ச எல்லையைத் தொட்டுவிடுகின்றன. மக்காச்சோளம் இன்னும் மோசம். அதில் மூன்றில் இரண்டு பங்கு மாவு, அதுவும் சிறுகுடலில் எளிதில் செரிக்காத மாவு. பூசணம் பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே அழிக்கும். மாடு தின்கிறதே என்று ஒரு கைப்பிடிகூடப் போட்டுவிடாதீர்கள். கோழித்தீவனத்தையும் குதிரையின் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் சேர்க்கப்படும் மொனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைச் சிதைத்துக் கொன்றுவிடும். சில மாட்டுத்தீவனங்களிலும் அது உண்டு.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குக் கொழுப்பு தெரியாது. தையல்காரர் நாடாவால் அளந்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினீர்கள்: முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 178 செ.மீ., தோள் முனையிலிருந்து புட்டத்தின் முனைவரை நீளம் 150 செ.மீ. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். உங்கள் குதிரை 400 கிலோ. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்த அளவில் அது 350 கிலோ இருந்தால் போதும். இதோடு விலா எலும்பையும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல், விரலுக்குச் சுலபமாகத் தட்டுப்பட வேண்டும். அமெரிக்காவில் டான் ஹென்னக் 1983-இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவுகோலில் அதுதான் 5. உங்கள் குதிரையை நான் 8-இல் வைப்பேன்.

இளைக்க வைப்பதற்காகப் பட்டினி போடாதீர்கள். கொழுத்த குதிரையின் தீனியைத் திடீரென்று முழுக்க நிறுத்தினால் உடம்புக் கொழுப்பெல்லாம் இரத்தத்தில் வந்து கலந்து கல்லீரலைக் கெடுக்கும். மட்டக்குதிரைகள் இதில் இறந்தேபோகும். உலர்தீவனம் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. உங்களுக்கு அது 6 கிலோ. அதாவது, தானியத்தைக் குறைக்கும் அதே கையால் தட்டைக் கூட்ட வேண்டும். சோளத்தட்டு 4 கிலோ, நன்றாக உதறி மண் போக்கிய கடலைக்கொடி ஒரு கிலோ; மேய்ச்சலில் ஏறக்குறைய ஒரு கிலோ போய்விடும். தட்டைப் பொடியாக நறுக்காமல் இரண்டு அங்குலத் துண்டுகளாக்கி, நாளுக்கு 4 தடவையாகப் பிரித்து, பெரும்பங்கை இரவுக்கு வையுங்கள். சிறு கண் வலையில் கட்டித் தொங்கவிட்டால் மெதுவாகத் தின்னும். பச்சை இளஞ்சோளத்தை மட்டும் தொடவிடாதீர்கள்.

தவிட்டை முழுக்க விட்டுவிடுங்கள். உங்கள் ஊருக்கு இது இரட்டிப்பு முக்கியம். 2 கிலோ தவிட்டில் பாஸ்பரஸ் 20 கிராமுக்கு மேல், கால்சியம் 3 கிராம்கூட இல்லை. குதிரைக்கு வேண்டியதோ பாஸ்பரஸைவிடக் கூடுதலான கால்சியம். போதாததற்கு உங்கள் கொறங்காட்டில் முளைப்பது கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாட்டுக்கு அது அமுதம். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள், குதிரையின் குடலில் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. பல மாதம் இப்படிப் போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். முகத்தின் இரு பக்க எலும்பும் வீங்கி, கால் மாற்றிக் கால் நொண்டும். கடலைக்கொடியை நான் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். கிடைத்தால் குதிரை மசால் என்ற தீவனப் பயிரும் கொஞ்சம் கொடுங்கள். கால்சியம் அதில் ஏராளம். குதிரைக்கென்று தயாரித்த தாது உப்புக் கலவையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டு உப்பு நாளுக்கு 25 கிராம், வியர்க்க வேலை செய்த நாளில் கூடுதலாக. தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்க வேண்டும்.

குளம்பு சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு கொள்ளு கொடுக்கலாம். காய்ந்த எடையில் 400 கிராம், உப்பும் தாதுக் கலவையும் கலந்து, தட்டு தின்ற பிறகு. அளவைத் தராசில் நிறுங்கள், டப்பாவில் அளக்காதீர்கள். ஒரு லிட்டர் டப்பாவில் தவிடு கால் கிலோகூட நிற்காது, கொள்ளு முக்கால் கிலோவைத் தாண்டும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவையுங்கள். ஒரு கொள்ளை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கினால் மாவாக வேண்டும். நடுவில் கல்லாக நெருடினால் இன்னும் வேகவில்லை. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன, வெந்தால்தான் அடங்கும். காலையில் வெந்தது மாலைக்கு ஆகாது. நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளிவாடை அடிக்கும். அதைக் கண்டால் குப்பைக்குழிதான்.

ஊர்வலத்துக்குப் போகும் நாளில் அரைக் கிலோ கூட்டலாம், ஆனால் புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே தின்று முடித்திருக்க வேண்டும். மறுநாள் ஓய்வென்றால் அந்தக் கூடுதல் கிடையாது. ஓய்வு நாளிலும் முழுத் தானியம் தின்றுவிட்டு மறுநாள் வேலைக்குக் கிளம்பும் குதிரைக்குப் பின்தொடைத் தசை கட்டையாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போவதுண்டு. பின்னொரு நாள் தினசரி வேலை வந்து தானியத்தைக் கூட்ட நேர்ந்தால் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். கொள்ளு மூட்டை இருக்கும் அறைக்குத் தாழ்ப்பாளோடு பூட்டும் போடுங்கள். குதிரை அவிழ்த்துக்கொண்டு போய் மூட்டையைத் தின்றுவிட்டால், 'நன்றாகத்தானே நிற்கிறது' என்று காத்திருக்காதீர்கள். குளம்பு அழற்சி ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். மருத்துவரை உடனே அழைத்து, அவர் வருவதற்குள் நான்கு குளம்புகளையும் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் நிறுத்துங்கள். மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்ட வேண்டாம்; நுரையீரலுக்குள் போய்விடும்.

குளம்பு தேறியதும் தினமும் அரை மணி நேரம் மண் தரையில் கையில் பிடித்தபடி நடத்தத் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள். வாரத்துக்கு 2 முதல் 4 கிலோ இறங்கினால் போதும். 50 கிலோ குறைய 3 மாதம் ஆகலாம், 6 மாதமும் ஆகலாம். பிடரி மேடு கடைசியாகத்தான் கரையும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 15 நாளுக்கு ஒருமுறை, காலையில் தீனிக்கு முன்பு, அதே நாடாவால் அதே இடத்தில் அளந்து லாயத்துச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். முதல் வரியாக 178 என்று இன்றே எழுதிவிடுங்கள்.