விளை, விலை ஆகிவிடக் கூடாது

கேள்வி: எல்லைப் போராட்டக் காலத்து ஊர்க்கதைகளை அப்பா சொல்லக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். 190 பக்கம் வரும். சொந்தமாகப் புத்தகம் போட ஆசை. எல்லா வேலையையும் ஒரே தொகைக்கு முடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. 1000 பிரதி அடித்தால் அடக்க விலை குறையுமாம். அடிக்கலாமா? முதல் இரண்டு அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: வேண்டாம் ஐயா. 100 பிரதி போதும். இப்போது 50 பிரதி கூட அடித்துத் தருகிறார்கள், தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். என் முதல் தொகுப்பை நான் 1000 அடித்தேன். எட்டாம் பக்கத்திலேயே ஒரு பெயர் தப்பு. கையிலிருந்தது தீராமல் அதைத் திருத்த வழியில்லை. பாதிக்கு மேல் பரணில் கரையான் தின்றது.

மிச்சமாகும் பணத்தை மெய்ப்புக்கு, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவதற்குச் செலவழியுங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாளை ஓரிடத்தில் 1956 நவம்பர் 1 என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த அத்தியாயத்தில் அது 1957 ஆகிவிட்டது. எழுதியவர் கண்ணுக்கு இது தட்டுப்படாது. உங்கள் ஃபைல் வேறு பழைய எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறும், கால் 'ர' ஆகும். மாற்றியதும் ஒரு தடவை, பக்கம் கட்டியபின் தாளில் எடுத்து இன்னொரு தடவை முழுக்கப் படிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு இருக்கிறது. உங்கள் பாட்டி "குடிக்க வெள்ளம் தா மக்களே" என்கிறார். மரச்சீனி அவிக்கிறார், கொல்லாங்கொட்டை சுடுகிறார். படித்தபோது அந்த அடுக்களையிலேயே இருந்தேன். உங்கள் பக்கத்துப் பேச்சு தெரியாத ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் வெள்ளம் தண்ணீராகும், மரச்சீனி மரவள்ளியாகும். தாத்தா 'விளையை ஒற்றிக்குக் கொடுத்தார்' என்பது 'விலையை' என்று மாறி, விளை என்கிற தோப்பே காணாமல் போய்விடும். இவை பிழையல்ல, கை வைக்கக் கூடாது என்று ஒரு சொற்பட்டியல் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் விளவங்கோட்டுக்காரர் ஒருவரையே மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள். அருஞ்சொற்பொருளைப் புத்தகத்தின் கடைசியில் போட்டால் போதும், வரிக்கு நடுவே அடைப்புக்குறி வேண்டாம்.

சரி, அந்த நிறுவனம். ஒரே தொகை என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மெய்ப்பு யார் பார்ப்பார், எத்தனை முறை, அதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் பெயரில் உள்ள எண்ணைப் போட்டால் பதிப்பாளர் என்று அவர்கள் பெயர்தான் பதிவாகும். பதிப்புரிமையோ எழுதியபோதே உங்களுடையது, பதிவுகூடக் கட்டாயமில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு வாரிசுகளிடம் இருக்கும். அந்த உரிமையை எழுதித் தரக் கேட்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், பக்கம் கட்டிய ஃபைலும் பிடிஎஃபும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.