மெடிக்கலில் வாங்கிய அந்த டியூப்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருக்கிறேன். வயது 34. எட்டு மாதமாக இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாகப் படர்தாமரை. மெடிக்கலில் சொல்லி வாங்கிய டியூப்பைப் பூசினால் மூன்று நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் ஒரே வாரத்தில் முன்னைவிட அகலமாக வருகிறது. பதினைந்து டியூப்புக்கு மேல் தீர்ந்துவிட்டது. தொடையில், பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் விழுமே, அதுபோலக் கோடு கோடாக இருக்கிறது. இப்போது வீட்டுக்காரருக்கும் வந்துவிட்டது. ஒன்பது வயது மகளுக்குக் கழுத்தில் ஒரு வட்டம், சின்னவனுக்குக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு. ரத்தம் கெட்டுப்போச்சு, கத்தரிக்காயும் கருவாடும் தொடாதே என்கிறார் மாமியார். எல்லோரும் பத்தியம் இருக்க வேண்டுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கத்தரிக்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மீன், கருவாடு எதற்கும் இதில் பங்கில்லை. உங்கள் ரத்தமும் கெட்டுப்போகவில்லை. நான் சந்தேகப்படுவது அந்த டியூப்பைத்தான்.

டியூப்பின் மேல் பொடி எழுத்தில் மருந்துகளின் பெயர் இருக்கும். உங்கள் மகளைப் படிக்கச் சொல்லுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. கூடவே குளோட்ரிமசோலோ மைக்கோனசோலோ இருக்கலாம். அவை படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லும் நல்ல மருந்துகள். குளோபெட்டசால், குளோட்ரிமசோல் என்று பெயர்கள் பங்காளிகள் மாதிரி ஒலித்தாலும் ஒன்று செய்வதை மற்றொன்று கெடுக்கும். ஒரே டியூப்பில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் குழைத்து விற்பது நம் நாட்டில் பெரிய வியாபாரம். 2018-இல் மத்திய அரசு தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் இப்படிப்பட்ட களிம்புகளும் இருந்தன. ஆனாலும் வேறு வேறு கலவைகளில் இன்றும் கிடைக்கின்றன. சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

பூஞ்சை தோலின் மேலடுக்கில் உட்கார்ந்து அங்கிருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்கிறது. உடம்பு அதை எதிர்த்துப் போராடுவதால்தான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை. உடம்பின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற கதைதான். திருடன் உள்ளேதான் இருக்கிறான். தொடையில் விழுந்த கோடுகளும் அந்த மருந்தின் வேலையே. தொடை இடுக்கு, அக்குள், முகம் ஆகிய இடங்களில் தோல் மெல்லியது, அங்கே ஸ்டீராய்டு சீக்கிரம் தோலைத் தேய்த்துவிடும். கோடுகளின் சிவப்பு நாளடைவில் வெளுக்கும், ஆனால் முழுக்க மறையாது. மறைத்துச் சொல்லி என்ன பயன்?

படர்தாமரையை அடையாளம் காண்பது பொதுவாகச் சுலபம். வட்டத்தின் ஓரம் சற்று மேடாகச் சிவந்து, பொடிப்பொடியாகச் செதில் உதிரும். நடுப்பகுதி ஆறியது போல் தெளிந்திருக்கும். உங்களைப் போல மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசியவர்களுக்கு இந்த உருவம் கலைந்துவிடும். ஓரம் மங்கி, வட்டத்துக்குள் வட்டமாக, சில சமயம் பரு போலக்கூட வரும். பார்த்துப் பழகிய டாக்டருக்கே குழப்பம் வரலாம். அதற்காகத்தான் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். ஊசி குத்த வேண்டியதில்லை, சீக்கிரம் முடிந்துவிடும்.

சின்னவனின் கன்னத்தைப் படர்தாமரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த வயதில் கன்னத்தில் வரும் மங்கலான, லேசாகச் சொரசொரக்கும் திட்டு பெரும்பாலும் வறண்ட தோலால் வருவது. வயிற்றுப் பூச்சியும் காரணமில்லை, சத்துக் குறைவும் காரணமில்லை. தேங்காய் எண்ணெய் தடவுங்கள், போதும். பெரியவர்களுக்கு முதுகிலும் மார்பிலும் வரும் தேமல் பூஞ்சையால்தான் வருகிறது, ஆனால் அது வேறு சாதிப் பூஞ்சை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. மருந்து போட்டுப் பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். 'மருந்து கேட்கவில்லை' என்று அவசரப்பட வேண்டாம். எந்த வெளிர் திட்டாக இருந்தாலும், தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் உடனே காட்டுங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுக்கக் குணமாகும்.

இனி மருத்துவம். அந்த டியூப்பை நிறுத்தியதும் முதல் சில நாட்கள் அரிப்பு அதிகமாகும். அந்தச் சமயத்தில்தான் எல்லோரும் மெடிக்கலுக்குத் திரும்ப ஓடுகிறார்கள். அரிப்புக்கு டாக்டர் மாத்திரை தருவார், அதை வைத்துத் தாண்டிவிடுங்கள். பூஞ்சை மருந்து மட்டும் உள்ள களிம்பை, வட்டத்தின் ஓரத்துக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி ஆரம்பித்து உள்நோக்கிப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை அங்கேயும் நகர்ந்திருக்கும். வட்டம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூசுங்கள். பாதியில் நிறுத்துவதால்தான் பலருக்கும் திரும்ப வருகிறது.

உங்களுக்கு இவ்வளவு பரவியிருப்பதால் மாத்திரையும் தேவைப்படும். முன்பெல்லாம் டெர்பினாஃபின் இரண்டு வாரத்தில் வேலையை முடித்துவிடும். இப்போது அதற்கு அடங்காத பூஞ்சை நம் நாட்டில் பரவியிருக்கிறது. அதற்கு 2020-இல் வைத்த பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டிருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பெருமைப்படும்படியான பெயர் இல்லை. அதனால் இட்ராகோனசோல் அதிகமாகக் கொடுக்கிறோம், அதுவும் வாரக்கணக்கில். அந்தக் கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அசிடிட்டி மாத்திரை கூடச் சேர்ந்தால் உடம்பில் சரியாகச் சேராது. இதய பலவீனம் உள்ளவர்கள், கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. ஈரலுக்கு ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். பக்கத்து டேபிள் அக்காவின் சீட்டை வைத்து வாங்கவே வேண்டாம். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

மகளின் தலையைப் பிரித்துப் பாருங்கள். முடி உடைந்து திட்டாக உதிர்ந்திருந்தால் தலையிலும் பூஞ்சை வந்திருக்கும். அதற்குக் களிம்பு போதாது, மாத்திரைதான். அது புழுவெட்டு என்று சின்ன வெங்காயத்தைத் தேய்த்துவிடாதீர்கள். பாட்டிகள் சொல்லும் சீமை அகத்தி இலையை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு சின்ன வட்டத்துக்கு அது உதவக்கூடும். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டி, தோல் வெந்துபோய் வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

வீட்டில் மூவருக்கும் ஒரே நாளில் வைத்தியம் ஆரம்பியுங்கள். ஒருவருக்கு ஆறி இன்னொருவருக்கு இருந்தால், ஒரே துண்டின் வழியாகப் பூஞ்சை திரும்பி வரும். ஆளுக்கொரு துண்டு. உள்பாவாடை, லுங்கி, உள்ளாடை எல்லாவற்றையும் தனியாகச் சுடுதண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். மடிப்புகளில் அயர்ன் போட்டால் இன்னும் நல்லது. வியர்வையில் ஊறும் நாடா இடுப்பை அழுத்தாதபடி தளர்த்திக் கட்டுங்கள். வேலை முடிந்து வந்ததும் குளித்து, இடுக்குகளைத் துடைத்து ஈரம் போன பிறகே உடுத்துங்கள். கணவரின் அரைஞாண் கயிற்றைக் கட்டாயம் கழற்றச் சொல்லுங்கள். எட்டு மாத மருந்தையும் தோற்கடிக்க அந்த ஈரக் கறுப்புக் கயிறு ஒன்று போதும். சாமி குத்தம் என்று மாமியார் சொன்னால், குணமான பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு மூவரும் சேர்ந்தே போங்கள். அன்று காலை எதையும் பூச வேண்டாம், பூசினால் செதிலில் பூஞ்சை தெரியாமல் போகலாம். பழைய டியூப்பைத் தூக்கி எறிந்துவிடாமல் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.