கோச்சிங் கட்டணம் கட்டும் முன் கண்ணைப் பரிசோதியுங்கள்

கேள்வி: ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறேன். ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் (ரயில் இன்ஜின் உதவி ஓட்டுநர்) ஆக ஆசை. கண்ணாடி போடுகிறேன். லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் அறுவை சிகிச்சை) செய்துகொண்டால் போதும் என்கிறார்கள். சரியா?
- வாசகர், அரக்கோணம்

பதில்: இந்த வேலைக்காக லேசிக் செய்துகொள்ள வேண்டாம். இதற்குரிய மருத்துவத் தரம் ஏ-1. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும். நிறக்குருடும் மாலைக்கண்ணும் இருக்கக் கூடாது. பார்வையைச் சரிசெய்ய லேசிக் போன்ற அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குத் தகுதியே இல்லை என்று ஆள்சேர்ப்பு அறிவிக்கையிலேயே போட்டிருக்கிறார்கள். எழுத்துத் தேர்வெல்லாம் தேறி, கடைசி மருத்துவப் பரிசோதனையில் வெளியேறுபவர்களுக்கு ரயில்வே மாற்று வேலை தருவதில்லை. அதுதான் பெரிய வேதனை. கோச்சிங் சேரும் முன்பே கண் மருத்துவரிடம் போய், இஷிஹாரா நிறப் பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு டெக்னீஷியன் கிரேடு-3 பொருத்தமாக இருக்கும். ஆரம்பச் சம்பளம் அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்கு உள்ள அதே 19,900 ரூபாய்தான் (ஏழாவது ஊதியக் குழு, லெவல் 2). பதவிக்குப் பதவி மருத்துவத் தரம் மாறும். பி-1, சி-1 தரங்களில் கண்ணாடிக்கு அனுமதி உண்டு. அறிவிக்கையின் பின்னிணைப்பில் உங்கள் டிரேடுக்கு எதிரே எந்தத் தரம் என்று பார்த்த பிறகு பதவிகளுக்கான விருப்ப வரிசை கொடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குக் கண் நன்றாக இருக்கிறது. டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் முடித்துவிட்டாள். லோகோ பைலட் தேர்வில் எங்கே கோட்டைவிடுவார்கள்?
- வாசகி, விழுப்புரம்

பதில்: முதல் கணினித் தேர்வு 75 கேள்வி, 60 நிமிடம், தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். இது வடிகட்டத்தான். கணினித் தேர்வுகளில் தரவரிசைக்குக் கணக்கில் வருவது இரண்டாம் தேர்வின் ஏ பகுதி மட்டும். டிரேடு கேள்விகள் உள்ள பி பகுதியில் எல்லாப் பிரிவினரும் 35 சதவீதம் எடுத்தாக வேண்டும். கணக்கும் ரீசனிங்கும் மட்டும் படித்தவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

அடுத்து சி.பி.ஏ.டி. எனும் கணினிவழித் திறனறி தேர்வு. நினைவாற்றல், கவனம், ஆழத்தைக் கணித்தல் என ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாக 42 டி-ஸ்கோர் (தரப்படுத்திய மதிப்பெண்) வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் போயிற்று. இடஒதுக்கீட்டுச் சலுகையும் கிடையாது. தரவரிசையில் இதற்கு 30 சதவீத மதிப்பு, ஏ பகுதிக்கு 70. மாதிரிகள் லக்னோவில் உள்ள ரயில்வே ஆய்வு அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் இணையதளத்தில், சைக்கோ டெக்னிக்கல் இயக்குநரகப் பக்கத்தில் இருக்கின்றன. தேர்வன்று குறிப்பிட்ட படிவத்தில் கண் மருத்துவர் தந்த சான்றிதழின் அசல் கையில் இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள்.

விண்ணப்பம் ஒரே ஒரு ஆர்.ஆர்.பி.க்குத்தான் (ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியம்). சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் சேர்த்துப் போட்டால் இரண்டுமே தள்ளுபடியாகும்.