பொங்கலிரவில் ஒரு சிரிப்பு

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை நாலைந்து வருடமாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 34 வயது. கிளிநொச்சியில் வேலை. மனைவி, மூன்று வயது மகள், அம்மா என்று நாலு பேர் உள்ள வீடு. 2009 வைகாசியில் அண்ணா காணாமல் போனார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அம்மா அங்கே போய் இருக்கிறார். இப்போது காலில் வருத்தம். ஆனாலும் ஏலுமான நாளெல்லாம் படத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார்.

அண்மையில் எங்கள் வேலையிடத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. வந்தவர் நன்றாகவே பேசினார். “மனித வாழ்க்கைக்கு அர்த்தம் கொடுப்பது மகிழ்ச்சி ஒன்றுதான், மகிழ்ச்சி இல்லாவிட்டால் அது வாழாத வாழ்க்கை, இதை அரிஸ்டாட்டிலே சொல்லிவிட்டார்” என்றார். உலக மகிழ்ச்சி அறிக்கையைத் திரையில் போட்டு, பின்லாந்து முதலிடம் என்று காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்தால் அம்மா திண்ணையில் இருந்து காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு வந்தவர் சொன்னது சரியென்றால் அம்மாவின் இந்த 16 வருடமும் அர்த்தமில்லாததா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு மகளைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். காவடியைக் கண்டதும் அவள் துள்ளி, என் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம். அந்த நேரம் நந்திக்கடல் பக்கமிருந்து காற்று வந்தது. கடைசி யுத்தம் நடந்த முள்ளிவாய்க்காலில் அம்மாவோடு நின்று சுடர் ஏற்றிவிட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. என்னை எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. அன்றிரவு சாப்பிடவில்லை.

நான் சிரித்தது பிழையா, ஐயா?

வாசகர், கிளிநொச்சி
(பெயரைத் தவிர்க்கும்படி கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமை. இரண்டு தடவை பதில் எழுதி அழித்துவிட்டேன். கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: பிழையில்லை. ஏன் என்று சொல்லத்தான் மிச்சமெல்லாம்.

பட்டறைக்கு வந்தவர் காட்டிய அறிக்கை 2012 இலிருந்து வெளிவருகிறது. பின்லாந்து 2018 இலிருந்து முதலிடத்தில் நிற்பதும் உண்மை. ஆனால் அந்த வரிசையைப் போடுவதற்கு “மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா” என்று யாரிடமும் கேட்பதில்லை. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உச்சிப்படி 10, அது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி 0, அது மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. நல்ல ஆஸ்பத்திரியும் நம்பிப் போகக்கூடிய நீதிமன்றமும் உள்ள நாட்டில் ஆட்கள் மேற்படியைச் சொல்கிறார்கள். அதில் எனக்கு அவர்கள் மீது பொறாமையில்லை, சந்தோசம்தான். ஆனால் வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றி அந்த ஏணி ஒன்றும் சொல்லவில்லை.

அரிஸ்டாட்டில் விஷயத்தில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் பாவித்த கிரேக்கச் சொல் யூடைமோனியா. அதை மகிழ்ச்சி என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். எங்கள் வாயில் மகிழ்ச்சி என்பது மனதுக்குள் வந்துபோகிற ஒன்று. அவர் சொன்னது ஆயுள் முழுவதும் ஒருவர் நன்றாக வாழ்வதையும் நன்றாகச் செய்வதையும். ஒரு நல்ல நாளை வைத்து அதை அளக்க முடியாது என்று அவரே சொல்கிறார். அதைவிட முக்கியமானது, உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்வியை அவர் 2300 வருடங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார் என்பது. திரோய் நகரத்து அரசன் பிரியாமைத்தான் உதாரணம் காட்டுகிறார். செல்வம், பிள்ளைகள், நாடு என்று நிறைவாக வாழ்ந்த கிழவர், கடைசியில் எல்லாவற்றையும் யுத்தத்தில் பறிகொடுத்தவர். இப்படிப்பட்டவரை நிறைவாக வாழ்ந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று அரிஸ்டாட்டில் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. நல்ல மனிதர் பெரிய துன்பங்களைத் தாங்கும்போது அவருடைய மேன்மை அதற்குள்ளும் ஒளிவிடும், பிரியாமுக்கு வந்தது வந்தாலும் அவர் பேறு பெற்றவர் ஆகமாட்டாரே தவிர இழிநிலைக்குப் போகமாட்டார் என்கிறார். இதை எழுதியவர் பெயரைச் சொல்லித்தான் உங்கள் அம்மாவின் 16 வருடத்தை வாழாத வாழ்க்கை என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பிரியாமின் கதையைக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடியிருக்கிறார். மகன் ஹெக்டரைக் கொன்றவனின் கூடாரத்துக்கு அந்தக் கிழவர் இரவிலே போகிறார். கொன்ற கையை முத்தமிட்டு, பிள்ளையின் உடலைத் தா என்று கேட்கிறார். அவனுக்குத் தன் தகப்பனின் நினைவு வருகிறது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்து அழுகிறார்கள். பிறகு அவன் உடலைக் கொடுக்கச் சம்மதித்து, சாப்பிடச் சொல்கிறான். மகன் செத்த நாளிலிருந்து ஒன்றும் வாயில் வைக்காத கிழவர் அன்றைக்குச் சாப்பிடுகிறார். இதை முதலில் வாசித்தபோது நான் இளந்தாரி, ஒன்றும் படவில்லை. யுத்தம் முடிய எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வந்தபிறகு வாசித்தேன், அந்தச் சாப்பாட்டு இடத்தைத் தாண்ட முடியவில்லை. எங்கள் தாய்மாருக்குப் போய்க் கேட்பதற்கு ஒரு கூடாரம்கூட இல்லை. யாருடைய கையைப் பிடித்துக் கேட்பது என்றே தெரியாமல் வீதியோரக் கொட்டகையில் இருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் அம்மாவிடம் ஒருவர் வந்து ஒரு குளிசையை நீட்டுகிறார் என்று வையுங்கள். இதைப் போட்டால் மூத்தவனைப் பெற்றதே மறந்துபோகும். இரவில் நித்திரை வரும். பேத்தியோடு நாள்முழுக்கச் சிரித்து விளையாடலாம். அம்மா அதை வாங்கிப் போடுவாரா?

அமெரிக்க மெய்யியலாளர் றொபேட் நோசிக் 1974 இல் இதைப்போல ஒன்றைக் கேட்டார். விரும்பிய அனுபவங்களையெல்லாம் மூளைக்குள் தருகிற ஓர் இயந்திரம் இருந்தால் ஆயுள் முழுவதும் அதோடு இணைந்து கிடப்பீர்களா என்பது அவர் கேள்வி. நாங்கள் மகிழ்ச்சியை உணர்வதை மட்டும் விரும்பவில்லை, உண்மையாகவே சிலதைச் செய்யவும் சிலராக இருக்கவும் விரும்புகிறோம் என்று வாதிட்டார். உங்கள் அம்மா அந்தக் குளிசையைத் தட்டிவிடுவார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியென்றால் மகிழ்ச்சியைவிடப் பெரிதாக ஒன்றை அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு நான் புதிதாகப் பெயர் வைக்கத் தேவையில்லை. அதற்கு உங்கள் அண்ணாவின் பெயர்.

நாளைக்கு அந்த அண்ணா படலையைத் திறந்துகொண்டு வந்தால் அம்மாவுக்கு வரும் மகிழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். அந்த மகிழ்ச்சி எங்கேயிருந்து வரும்? அண்ணா அவருக்கு ஏற்கெனவே எவ்வளவோ பெறுமதியாக இருப்பதால் வரும். மகிழ்ச்சி வந்து அண்ணாவுக்கு அர்த்தம் கொடுக்கவில்லை, அண்ணா இருந்ததால் அந்த மகிழ்ச்சிக்கு அர்த்தம். இந்த 16 வருடத் துக்கமும் அதே இடத்தில் இருந்துதான் வருகிறது. ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் இரண்டும். நீங்கள் மகளைத் தோளில் வைத்துச் சிரித்தீர்களே, அதுவும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். ஒரு பிள்ளையின் துள்ளலுக்காக அப்படிச் சிரிக்கத் தெரிந்த குடும்பத்துக்குத்தான், ஒரு பிள்ளை இல்லாமல் போனதற்காக 16 வருடம் காத்திருக்கவும் வீதியில் இருக்கவும் தெரியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெளிந்தவனில்லை. என் தங்கையிடம் ஒரு சிங்கர் தையல் மெசின் இருந்தது. 2008 மார்கழியில் முள்ளியவளையை விட்டு வெளிக்கிட்டபோது அதைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. கிறீஸ் பூசி, பொலித்தீனால் சுற்றி, வளவின் பின்பக்கத்தில் தாட்டுவிட்டுப் போனோம். ஊர் முழுக்க அப்படித்தான் தாட்டது. வேலியோர முதிரையிலிருந்து எத்தனை எட்டு என்று தங்கை எண்ணிச் சொன்னாள். அவள் திரும்பி வரவில்லை. அவளுடைய மகள் எங்களோடு வந்தாள், அப்போது அவளுக்கு ஏழு வயது.

மீளக்குடியேறப் போனபோது வளவு பற்றை மண்டிக் கிடந்தது. முதிரை இல்லை, அடிக்கட்டைதான் நின்றது. அதிலிருந்து தங்கை சொன்ன எட்டுகளை எண்ணித் தோண்டினோம். மெசின் இருந்தது, சில்லு அசையவில்லை. ஒரு கிழமை மண்ணெண்ணெய் விட்டு விட்டுத் துடைத்தேன். எட்டாம் நாள் சில்லு சுற்றியபோது நான் கத்திச் சிரித்தேன். மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். சிரித்து முடிவதற்குள் எனக்கு உங்களுக்கு வந்த அதே வருத்தம் வந்தது, தங்கை இல்லாத வளவில் தங்கையின் மெசினுக்கு முன்னால் நின்று சிரிக்கிறேனே என்று. கனகாலம் அந்த மெசினுக்குப் பக்கத்தில் போகாமல் திரிந்தேன். மருமகள் பதினாலு வயதில் அதில் தனக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். கழுத்து கொஞ்சம் கோணல். “மாமா, அம்மாவும் முதல்முதல் கோணலாத்தான் தைச்சவவோ?” என்று கேட்டாள். ஓமென்று சொன்னேன். உண்மையும் அதுதான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், தங்கையும் அந்தச் சிரிப்புக்குள் இருந்தாள்.

இவ்வளவும் சொன்னதால் துக்கம்தான் வாழ்க்கைக்கு அர்த்தம் தருகிறது என்று நான் சொல்வதாக எடுத்துவிடாதீர்கள். அந்தப் பேச்சும் எங்களுக்குள் உலாவுகிறது. பட்டறைப் பேச்சைவிட எனக்கு அதில்தான் பயம். 132 நாடுகளின் தரவுகளை வைத்து 2014 இல் ஓர் ஆய்வு வந்தது. வசதி குறைந்த நாடுகளில் உள்ளவர்கள்தான் தங்கள் வாழ்க்கைக்கு ஒரு நோக்கமோ அர்த்தமோ இருப்பதாக அதிகம் சொன்னார்கள், அதற்குப் பெரிய காரணம் சமயப்பற்று என்று அதில் கண்டார்கள். சுவாரசியமான முடிவுதான். ஆனால் அதைக் காட்டி, கஷ்டப்படுகிறவர்கள் அர்த்தத்தோடு வாழ்கிறார்கள், அவர்கள் பாட்டில் இருக்கட்டும் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அவரோடு நான் சண்டைக்கு நிற்பேன். உங்கள் அம்மாவின் காத்திருப்பு பெருமைக்குரியது. அது நீளவேண்டியதில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற பதில் கிடைத்து அவர் நிம்மதியாகப் படுக்கவேண்டும். அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுடைய துன்பத்திலிருந்து அர்த்தத்தைப் பிழிந்தெடுத்து எழுத எனக்குக் கை வராது. “சந்தோசமாக இருங்கோ, பழசை விடுங்கோ” என்று அவர்களுக்குச் சொல்வது, கேட்கிற கேள்வியை வாயோடு பொத்துவது.

மகிழ்ச்சியை மட்டமாகவும் நினைக்கவேண்டாம். முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோது யாரோ ஒரு கதை சொல்ல, வரிசையே குலுங்கிச் சிரித்தது எனக்கு ஞாபகம். அந்தச் சிரிப்பு ஒன்றையும் விளக்கவில்லை, ஒன்றையும் ஆற்றவுமில்லை. ஆனால் அன்றைக்கு வாளி பாரம் குறைவாக இருந்தது.

வைகாசியில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். யுத்தத்தின் கடைசி நாட்களின் நினைவாகச் சந்தியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள், அரிசியும் தண்ணீரும் உப்பும். அதே மாதம் கடல்நீர் எடுத்துவந்து காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பார்கள், பிறகு வற்றாப்பளையில் பொங்குவார்கள். கஞ்சி குடித்த கையோடுதான் பொங்கலுக்கு நேர்த்தி வைக்கிறோம். ஒன்றுக்காக மற்றதை விடு என்று எங்கள் ஆச்சிமார் ஒருநாளும் சொன்னதில்லை. வீதியில் கண்டால் “எப்பிடி, சுகமா இருக்கிறியளோ?” என்று கேட்பார்கள். “இருக்கிறம்” என்போம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டையும் வைத்துக்கொள்ள எங்களுக்குப் பழக்கம்.

நீங்கள் அன்றிரவு சாப்பிடாமல் படுத்ததுதான் எனக்குக் கவலை. அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும், சொல்லியிருக்கமாட்டார். மகள் உங்கள் தலைமயிரைப் பிடித்து ஆட்டிய கதையை அவரிடம் சொன்னீர்களா? சொல்லுங்கள். அண்ணா மூன்று வயதில் யாருடைய தோளில் ஏறி எந்தக் கோயிலுக்குப் போனார், எதைக் கண்டு துள்ளினார் என்றும் கேளுங்கள். 16 வருடமாக அவரிடம் கேட்டவர்களெல்லாம் எப்போது காணாமல் போனார், எந்த இடத்தில், என்ன உடுப்புப் போட்டிருந்தார் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அடுத்த வைகாசிப் பொங்கலுக்கு வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கால் ஏலாவிட்டால் முள்ளியவளையில் எங்கள் வீட்டில் இருக்கட்டும், சனம் குறைந்தபிறகு நான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் கடிதத்தை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்து வைக்கிறாளாம். நெஞ்சளவும் உயரமும் எழுதி அனுப்புங்கோ. வளர்கிற பிள்ளை, ஒரு இரண்டு அங்குலம் கூட்டியே அனுப்பச் சொல்கிறாள்.