பல்பு எரிய இருபது நிமிடம்

அன்புள்ள ஐயா,

என் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். அடுத்த ஆண்டு பி.எஸ்.எல்.இ. என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. மின்சுற்றுப் பாடத்துக்கு ஆசிரியர் பேட்டரியும் பல்பும் கொடுத்து, "நீங்களே எரிய வையுங்கள்" என்று ஒரு வகுப்பு முழுக்க விட்டுவிட்டாராம். கேட்டால், "ஒண்ணும் படிக்கலம்மா" என்கிறான். துணைப்பாட ஆசிரியர் அதையே பத்து நிமிடத்தில் நோட்ஸாகக் கொடுத்துவிட்டார். செய்து கற்பது நல்லதுதான், ஆனால் அதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

ஒரு தாய், பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

என் மகளும் அந்த வகுப்பைத் தாண்டி வந்தவள்தான், அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியும். மின்சுற்றை ஸ்கேல் வைத்து அழகாக வரைவாள், முழு மதிப்பெண்ணும் வாங்குவாள். ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் ஒரு பேட்டரி, ஒரு வயர், ஒரு டார்ச் பல்பு மூன்றையும் வைத்து எரியவை என்றேன். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து பல்பின் அடிக்கு வயரை இழுத்தாள். எரியவில்லை. பேட்டரியைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் பேட்டரி செத்துப்போச்சு என்றாள்.

இருபது நிமிடம் போனது. பல்பின் அடிப்புள்ளி ஒரு வாசல், பக்கத்து உலோக உறை இன்னொரு வாசல் என்பதை விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள். அடிப்புள்ளியைப் பேட்டரியின் ஒரு முனையில் நிறுத்தி, உறையிலிருந்து மறுமுனைக்கு வயரைக் கொண்டுபோனதும் எரிந்தது. பள்ளியில் பல்பு பெரும்பாலும் ஹோல்டரில் உட்கார்ந்திருக்கும், புத்தகத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. இரண்டு வாசலும் கண்ணில் படாது. மின்சாரம் பல்புக்குள் போய் அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். முழு மதிப்பெண் அந்தத் தவறை எனக்குக் காட்டவே இல்லை.

"ஒண்ணும் படிக்கல" என்று மகன் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் செய்து, 2019இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. தாங்களே முட்டிமோதிக் கற்றவர்கள் சோதனையில் கூடுதலாக வாங்கினார்கள். ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே அவர்களுக்குத் தோன்றியது. சரளமான விரிவுரை எல்லாம் புரிந்த உணர்வைத் தந்துவிடுகிறது, திணறல் அதைத் தருவதில்லை.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள், மணி அடித்தது, கலைந்தார்கள் என்றால் அது பாதி வேலைதான். செய்வதற்கு முன் "என்ன நடக்கும்?" என்றும், செய்தபின் "ஏன் அப்படி ஆச்சு?" என்றும் கேட்க வேண்டும். பி.எஸ்.எல்.இ. அறிவியல் தாளின் எழுத்து விடைக் கேள்விகளும் அந்த "ஏன்" என்பதைத்தானே கேட்கின்றன?

அதை நீங்களே வீட்டில் தமிழில் கேட்கலாம். மின்சுற்று என்ற சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது: கிளம்பிய இடத்துக்குச் சுற்றி வரவேண்டும். பள்ளியில் ஆங்கிலத்தில் படித்ததை அம்மாவுக்குத் தமிழில் விளக்கும்போது, எங்கே புரியவில்லை என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

டார்ச் பல்பும் வயரும் ஜாலான் புசார் சிம் லிம் டவரில் கிடைக்கும். சாதாரண டார்ச் பேட்டரி போதும், சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது. பல்பு இல்லாமல் இரு முனைகளையும் வயரால் நேராக இணைத்தால் வயர் சுடும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றதை அவனே தேடட்டும். இருபது நிமிடம் ஆனாலும் வயரை அவன் கையிலிருந்து வாங்காதீர்கள்.