எந்தப் பாக்கெட்டில்?

கேள்வி: சிகரெட் பாக்கெட்டில் முக்கால்வாசிக்கு மேல் புற்றுநோய்ப் படம் போட்டும் என் நண்பர்கள் ஒருவர்கூட விட்டபாடில்லை. சட்டம் தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், தென்காசி

பதில்: எந்தப் பாக்கெட்டைச் சொல்கிறீர்கள் தம்பி? சிகரெட் அடைத்து வரும் அட்டைப்பெட்டியும் நமக்குப் பாக்கெட்தான், சட்டையில் நெஞ்சுக்கு மேல் தைத்திருப்பதும் பாக்கெட்தான். முதல் பாக்கெட் இரண்டாவது பாக்கெட்டுக்குள் வந்து உட்கார்ந்தால்தான் அந்தப் படத்துக்கு வேலை. உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் முழுப் பாக்கெட் வாங்குகிறார்கள்? ஒரு டீ, ஒரு சிகரெட். கடைக்காரர் பிரித்து வைத்த பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டுகிறார். கம்பத்தில் கட்டிய கயிற்றின் கங்கில் பற்றவைத்துக்கொண்டு பையன் நகர்ந்துவிடுகிறான். படம் கடைக்குள்ளேயே கிடக்கிறது. அதை நாள் முழுக்கப் பார்ப்பவர் கடைக்காரர் ஒருவர்தான்.

அந்தப் படம் சும்மா வரவில்லை. 1975 சட்டம் சிகரெட்டுக்கு மட்டும் ஒரு வரி எச்சரிக்கை கேட்டது. பீடியையும் மெல்லும் புகையிலையையும் தொடவில்லை. 2003 சட்டம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. 2009 மே 31 முதல் படம் வந்தது, முன்பக்கத்தில் 40 சதவீதம். 2016 ஏப்ரல் முதல் இரண்டு பக்கமும் 85 சதவீதம். 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது; அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இவ்வளவு வழக்காடிக் காப்பாற்றிய படத்தை, ஒற்றை சிகரெட்டை உருவித் தரும் இரண்டு விரல் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. 2003 சட்டம் பொட்டலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. உதிரியாக விற்காதே என்று நேரடியாக ஒரு வரி அதில் இல்லை. 2020 திருத்த வரைவில் அந்த வரி இருந்தது, வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக்கும் யோசனையும் இருந்தது. வரைவு வரைவாகவே நின்றது. மகாராஷ்டிரம் காத்திருக்காமல் 2020-லேயே உதிரி விற்பனைக்குத் தடை போட்டது.

இதை முன்பு எழுதியபோது, "பெட்டிக்கடைக்காரர் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று கடிதங்கள் குவிந்தன. இப்போதும் குவியட்டும், என் பதில் மாறாது. முழுப் பாக்கெட்தான் வாங்க வேண்டும் என்றால் பதினைந்து வயதுப் பையனின் கைக்காசு அதற்கு எட்டாது. எனக்கு அது போதும்.

பீடிக்குப் பாக்கெட் கிடையாது, கட்டு. அந்தக் கட்டின் சுற்றுத்தாளிலும் படம் உண்டு, குடிப்பவருக்காக. உங்கள் ஊர்ப் பக்கம் திண்ணைக்குத் திண்ணை மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுற்றுகிறார்களே பெண்கள், அவர்களுக்கு எந்த எச்சரிக்கை இருக்கிறது? இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டும் வரை அந்தத் தூள் அவர்கள் மூச்சில்தான் போகிறது. பீடித் தொழிலாளர்களுக்காக 1966-ல் வந்த சட்டம், வேலை நடக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், சுத்தம் வேண்டும் என்றெல்லாம் சொன்னது. ஆனால் 'தொழில் இடம்' என்பதற்கு விளக்கம் எழுதும்போது குடியிருக்கும் வீட்டை விலக்கிவிட்டது. வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்ட அதே சட்டம்தான் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை விட்டுவிட்டது. சுற்றி முடித்துப் பீடிக்கடைக்குக் கொண்டுபோனால், சரியில்லை என்று ஒரு பிடியைக் கழித்துத் தள்ளுவார்கள். தள்ளியதற்குக் கூலி இல்லை. அதைச் சுற்றும்போது இழுத்த தூள் மட்டும் அவர் நெஞ்சில் இருக்கும்.

நாளை கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு திண்ணையில் நின்று, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதை எனக்கு எழுதுங்கள், முழுப் பக்கம் தருகிறேன்.